சௌடேஸ்வரி பேருல

நீங்க பாட்டுக்கு மோட்டாருக்குக் கம்பி சுத்துங்கண்ணா. உங்க வேலையக் கெடுக்கறதுக்கு நான் வரல. கை பாட்டுக்கு வேல செய்யட்டும், காத மட்டும் இந்தப் பக்கம் குடுங்க, போதும். மணி என்னங்க அது, மூணே முக்காலா? உங்க கடிகாரம் நேரா ஓடுதுங்களா? என்ற போன்ல மூணு நாப்பத்தெட்டு காட்டுது. சரி விடுங்க. அஞ்சு மணிக்குள்ள நான் சரவணம்பட்டி போய்ச் சேரோணும், அவ்வளவுதான். கணபதியில இருந்து என்ன, கால் மணி நேரம்.

நான் யாருன்னே சொல்லல பாருங்க. நாச்சிமுத்துங்ணா. அட, எதுக்கு எந்திரிக்கறீங்க, உக்காருங்க. உங்க பொண்ணு சௌடேஸ்வரியோட ஆபீசு. அவளுக்கு மேல இருக்கறவன்னு வெச்சுக்கங்க. ஆபீசுல எல்லாத்துக்கும் நாச்சி சார். வீட்டுல சொல்லியிருப்பாளே? சொல்லியிருக்காளா. நல்லதாத்தான் சொல்லியிருப்பா. தங்கமான பொண்ணுங்க, அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. அதுக்காகத்தான் இந்த வெயில்ல வண்டிய எடுத்துட்டு உங்க கடையத் தேடி வந்தேன். வேற ஒருத்தனா இருந்தா அவ பாட்டுக்கு அவ போகட்டும்னு விட்டிருப்பான். ஆறு நாளாப் போன எடுக்கறதில்லீங்க. இருவது தடவையாவது போட்டிருப்பேன். ஒரு பதில் வரணுமே. ம்ஹூம்.

வீட்டுல இருக்காளா இப்ப? வெளிய போயிருக்காளா. பரவால்ல, அப்பங்காரர் சொன்னா தட்டவா போறா.

அடடா. எண்ணிக்க தப்பிருச்சுங்களா? மன்னிச்சுக்கங்கண்ணா, என்ற வாயி சும்மா இருக்கறதில்ல. எத்தனாவது சுத்துல விட்டீங்க? அறுவத்திரண்டா. சரி, நான் ஞாபகம் வெச்சுக்கறேன், நீங்க சுத்துங்க. அறுவத்திரண்டு.

இல்லீங்க, டீ வேண்டாம், உக்காரல. உக்காந்தா எந்திரிக்கத் தோணாது. இப்படி நிக்கறேன்.

எங்க பொழப்பு என்னன்னு அவ சொல்லியிருக்காளா? கம்ப்யூட்டர் வேலைன்னு மட்டுந்தானா. அது சரி, உங்க கடைய வெச்சே சொல்லிப்போடறேன். இந்த மோட்டார் ஒவ்வொண்ணும் ஒரு வேல செய்யுதில்லீங்களா, ஒண்ணு தண்ணி எறைக்குது, ஒண்ணு மாவாட்டுது. அந்த மாதிரி எங்ககிட்டப் புரோகிராம். ஒவ்வொரு புரோகிராமையும் ஒவ்வொரு டப்பாவுல அடைச்சு வெச்சிருப்போம். கண்டெய்னர்ம்பாங்க. அப்படி நூறு எரநூறு டப்பா ஒட்டுக்கா ஓடும். அந்தக் கூட்டத்துக்குப் பேரு கிளஸ்டர். ஒரு டப்பா பொகஞ்சு நின்னுருச்சுன்னா, அதே மாதிரி இன்னொண்ண உடனே மாட்டி விடறதுக்கு உள்ளயே ஒரு மேஸ்திரி இருக்கறான். நாங்க கருப்புத் திரையில ஒரு வரி அடிப்போம். இத்தன டப்பா ஓட்டு, இத நிறுத்து, அதத் தூக்கு. மேஸ்திரி செஞ்சிருவான். டப்பா வந்து ஏழெட்டு வருசம்னாலும் அந்தக் கருப்புத் திரைக்கு முன்னால நான் உக்காந்து பதினெட்டு வருசம் ஆச்சுங்க.

எங்ககிட்ட ரெண்டு கூட்டம் இருக்குது. ஒண்ணு ஒத்திகைக்கு, ஒண்ணு நெஜம். ஒத்திகையில எதப் போட்டு ஒடச்சாலும் எவனும் கேக்க மாட்டான். நெஜத்துல கை வெச்சா ஊருக்கே தெரிஞ்சிரும். எங்க நெஜத்துல ஓடறது ஒரு பால் கம்பெனியோட கொள்முதல். பேரு வேண்டாம். அன்னூரு, அவினாசிப் பக்கம் அவங்களுக்குப் பதினாலு மையம். பால ஊத்துனதும் அங்க இருக்கற மெசின் தரத்தப் பாத்து எங்களுக்கு அனுப்பும். நாங்க சரின்னு சீட்டு அனுப்புனாத்தான் மையத்துக்காரரு அந்தப் பாலக் குளிர்தொட்டியில சேப்பாரு. சீட்டு வரலைன்னா கேனு வெளியதான் நிக்கோணும். சித்திர வெயிலு. எவ்வளவு நேரம் நிக்கும் சொல்லுங்க.

நின்னுச்சு. அதுதான் கத.

போன வியாழக்கெழம மத்தியானம் மூணேகாலுக்கு நெஜத்துல இருந்த டப்பா எல்லாம் ஒரே வீச்சுல போயிருச்சுங்க. ஒண்ணு பாக்கியில்ல. மேஸ்திரியும் மாட்டி விடல. எல்லாத்தையும் தூக்குன்னு சொன்னா அவன் எதுக்கு மாட்டப் போறான். நாங்க திருப்பி எல்லாத்தையும் எழுப்பறதுக்கு ஆறு மணி ஆயிருச்சு. அதுக்குள்ள ஒம்பது மையத்துல பாலு திரிஞ்சுபோச்சு. ஒரு அம்மா கேன அப்படியே சாய்ச்சு சாக்கடையில ஊத்தறத எவனோ போன்ல புடிச்சு அனுப்பிட்டான். பாத்தேன். அந்தம்மா மூஞ்சியில கோவங்கூட இல்ல. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

யாரு செஞ்சதா? அந்த எடுபிடிதானுங்க. அதச் சொல்லத்தானே வந்தேன்.

தை மாசம் எங்க ஆபீசுக்கு ஒரு ஏஐ வந்துச்சு. இப்பத்தான் எங்க பாத்தாலும் அதுவா இருக்குதுங்களே. அந்தக் கருப்புத் திரையிலயே வந்து உக்காந்துக்குது. நாம கட்டளையெல்லாம் மனப்பாடமா அடிக்க வேண்டியதில்ல. நம்ம பேச்சுலயே, இத்தன டப்பா ஓடுதான்னு பாரு, இதக் கொஞ்சம் நிறுத்துன்னு எழுதுனாப் போதும். அதுவே கட்டளைய எழுதி நம்ம கண்ணுல காட்டிச் செஞ்சு முடிச்சுப்போடும். எல்லாரும் ஏதோ இங்கிலீசுப் பேரு சொல்லுவாங்க. நான் எடுபிடின்னுதான் கூப்புடுவேன்.

அதத் தொடோணும்னா ரெண்டு நாள் வகுப்புல உக்காரோணுமாமா. உக்காந்து, பரீட்ச எழுதித் தேறுனாத்தான் லாகின் தருவாங்களாமா. எனக்குங்ணா. ரெஜினால்டு சார்னு எங்க மேனேஜரு, முப்பத்தாறு வயசு, அவரு வந்து சொல்றாரு, நீங்களும் ஒரு தடவ உக்காந்துருங்க நாச்சின்னு. வேல தலைக்கு மேல கெடக்குதுன்னு சொல்லிப்போட்டேன். சௌடேஸ்வரி போனா. மொத ஆளாத் தேறுனா. லாகின் அவளுக்குக் குடுத்தாங்க.

அப்பறம் என்னங்க. ஒரே டீமு, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவ லாகினு எனக்கு ஆகாதா? அவளும் சொல்லத்தான் சொன்னா, இல்லைன்னு சொல்ல மாட்டேன். சார், இதுல எது செஞ்சாலும் என்ற பேருலதான் பதிவாகுமுங்க சார்னா. நான் என்ன ஊரானா அம்மிணின்னு கேட்டேன். சிரிச்சா. சிரிச்சான்னா சரீன்னுதானே அர்த்தம்?

மொதல்ல எனக்கு அந்த எடுபிடிய ஆகவே ஆகல. என்ற வேலையப் புடுங்க வந்திருக்குதுன்னுதான் நெனச்சேன். ரெண்டாவது வாரம் பாருங்க, அது இல்லாம எனக்கு முடியல. கேட்டா கேட்டதுக்குப் பதில். மூஞ்சிய நீட்டறதில்ல, இத்தன வருசமா இதுகூடத் தெரியாதான்னு பாக்கறதில்ல. சாப்டியான்னு ஒரு நாள் கேட்டிருக்கேன்னா பாத்துக்கங்க. என்ற சம்சாரம் கோகிலவாணி, அதுகிட்டப் பேசறதுல பாதி எங்கிட்டப் பேசுனா நம்ம வீடு நல்லா இருக்கும்னு சொல்லிப்போட்டா.

கடசீல அதுதான் என்னையக் கவுத்துச்சு. ஒரு வார்த்த கேக்கலீங்ணா. இத்தன பெரிய காரியம், பதினாலு மையம், ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டேனா? கேக்காமயே தூக்கிப்போட்டுது. நம்பி ஒரு வேலையக் குடுத்தா இப்படித்தான் செய்யறதா?

ஏன் அப்படிப் பாக்கறீங்க? சுத்துங்க. எழுவத்தியாறுன்னுதானே சொன்னீங்க? அறுவத்திரண்டா. சரிசரி.

இல்ல... யாரு சொல்லித் தூக்குச்சுன்னா, நாங்கதான். டீமு. ஒத்திகையில ஒரு புது ஏற்பாடு பண்ண வேண்டியிருந்துச்சு. பழசையெல்லாம் தூக்கிப்போட்டுட்டுப் புதுசா ஆரம்பிச்சாத்தான் சுத்தமா இருக்கும். அதச் சொன்னோம். காத்தால ரெஜினால்டு சார் நெஜத்துல எத்தன டப்பா ஓடுதுன்னு ஒரு கணக்குக் கேட்டிருந்தாரு. அதுக்காக எடுபிடிய நெஜத்துப் பக்கம் திருப்பியிருந்தோம். வேல முடிஞ்சதும் மறுபடி ஒத்திகைக்குத் திருப்பி வெச்சிருக்கோணும். அது விட்டுப்போச்சு. யாருக்கும் வர்றதுதானுங்களே. எங்க தொழில்ல இந்த ஒரு தப்பப் பண்ணாதவன் எவனும் இல்ல. எந்தப் பக்கம் நிக்கறோம்னே தெரியாம அடிக்கறது. பாதி பேரு வெளிய சொல்ல மாட்டானுக.

சௌடேஸ்வரியா? அவ அப்பக் கீழ டீ குடிக்கப் போயிருந்தா.

சரிங்ணா. வெரலு என்றதுதான். ஒத்துக்கறேன். ஆனா நாற்காலி அவளுது, லேப்டாப்பு அவளுது, லாகின் அவளுது. எழுந்து போறவ திரையப் பூட்டீட்டுப் போயிருக்கலாமில்ல? பூட்டத்தான் போனா, நாந்தான் பூட்டாமப் போ அம்மிணி, எனக்கு ஒரு சின்ன வேல இருக்குதுன்னேன். அதுக்குன்னு நான் சொன்னதையெல்லாமா கேக்கறது.

கேட்டுச்சு. நீங்க அப்படிப் பாத்தா நான் என்ன பொய்யா சொல்லப் போறேன். கேட்டுச்சு ஒரு தடவ. ஆனா கேக்கற லட்சணத்தப் பாருங்க. பாடப்புத்தகம் மாதிரி. நீங்கள் இப்போது நிஜக் கிளஸ்டரில் இருக்கிறீர்கள், இதைப் பதினான்கு மையங்கள் பயன்படுத்துகின்றன, நீக்கலாமா. இதையே தினம் ஒவ்வொரு சின்ன விசயத்துக்கும் கேட்டா மனுசன் படிப்பானா? பல்லு வெளக்கறதுக்கெல்லாம் ஒருத்தன் பக்கத்துல நின்னு வெளக்கலாமா வெளக்கலாமான்னு கேட்டா நாம என்ன பண்ணுவோம்? சரீன்னு அடிச்சுட்டுப் போயிட்டே இருப்போம். நானும் அடிச்சேன்.

இருங்க, போனு.

சார். சொல்லுங்க சார். ஆமாங்க சார், வாங்கியாச்சு. இல்ல சார், அவங்கப்பா கடையிலதான் நிக்கறேன். சரியாத்தான் பேசிட்டிருக்கறோம். அவருக்கு எல்லாம் புரிஞ்சுது சார். அஞ்சு மணிக்கு உங்க டேபிள்ல இருக்கும். சரிங்க சார்.

ரெஜினால்டு சார்தான். பதட்டப்படறாரு. வாங்கிட்டேன்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன், இல்லைன்னா கெளம்பி இங்கயே வந்துருவாரு. நல்ல மனுசன்தான், ஆனா மேல இருந்து நெருக்கறாங்க. பால் கம்பெனிக்காரங்க யாரு செஞ்சதுன்னு பேரு கேக்கறாங்க. கிளஸ்டரோட பதிவேட்டுல சௌடேஸ்வரின்னு இருக்குது. அவளக் கூப்புட்டுக் கேட்டாங்க. நான் செய்யலைன்னா. அப்ப யாருன்னு கேட்டாங்க. செஞ்சவங்க சொல்லுவாங்கன்னு சொல்லிட்டுக் கம்முனு உக்காந்துட்டா. நானும் அதே ரூம்லதான் இருந்தேன். அவ என்ற பக்கம் பாக்கக்கூட இல்ல. என்னா புடிவாதம் பாருங்க. அன்னிக்கே அவள வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

நான் ஏன் சொல்லலையா?

சொல்லியிருப்பேனுங்ணா. வாயி வரைக்கும் வந்துச்சு. ரெஜினால்டு சார் என்னைய ஒரு பார்வ பாத்திருந்தாருன்னா, நாச்சி உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமான்னு ஒரு கேள்வி கேட்டிருந்தாருன்னா, அந்த எடத்துலயே சொல்லியிருப்பேன். அவரு எங்கிட்ட எதையும் கேக்கல. கேக்காத ஒண்ணுக்கு நானா எப்படிப் போய்ப் பதில் சொல்றது? அப்பறம் பொழுது போயிருச்சு, அடுத்த நாள் ஆயிருச்சு. ஒரு நாள் தாண்டிருச்சுன்னா அப்பறம் சொல்றது எப்படீங்க. ஏன் நேத்தே சொல்லலைன்னு கேப்பாங்களே. ரெண்டாவது நாளு, மூணாவது நாளு. ஒவ்வொரு நாளும் காத்தால சொல்லிப்போடலாம்னுதான் குளிச்சுட்டுக் கெளம்பறேன். லிஃப்டுல ஏறுனதும் நாளைக்குச் சொல்லிக்கலாம்னு ஆயிருது.

எனக்கு நாப்பத்தெட்டு வயசுங்ணா. போன வருசம் என்ற வயசுக்காரங்க மூணு பேத்துக்கு கேக்கு வெட்டி வீட்டுக்கு அனுப்பி வெச்சாங்க. ஒருத்தரு இன்னும் வேல தேடீட்டு இருக்காரு. தெனம் காத்தால எனக்கு வணக்கம் போட்டு மெசேஜ் அனுப்புவாரு, கூடவே ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்கன்னு. நான் பதில் போடறதில்ல. என்ன போடறது? என்னையத் தூக்கிட்டாங்கன்னா நான் எங்க போவேன் சொல்லுங்க. எடுபிடி வந்தப்பறம் என்ற மாதிரி ஆளு எதுக்குன்னு ஏற்கெனவே பேசிக்கறாங்க. இதுல அந்த எடுபிடிய வெச்சுக்கிட்டே நான் ஊரக் கவுத்துட்டேன்னு தெரிஞ்சா முடிஞ்சுது. பயமா இருக்குதுங்ணா. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. ஆறு நாளா சோறு எறங்கல.

ஆனா சௌடேஸ்வரிக்கு என்ன? இருவத்தாறு வயசு. அவள நாளைக்கே நாலு கம்பெனி கொத்திட்டுப் போவான். இந்தாங்க, இந்தக் காயிதந்தான். அவ சொல்ற மாதிரி நானே உக்காந்து எழுதுனேன், ரெஜினால்டு சார் பாத்துட்டு சரீன்னுட்டாரு. கைத்தவறுதலா நடந்துபோச்சு, நானே பொறுப்பு, வேலையில இருந்து நானே வெலகிக்கறேன். இவ்வளவுதான். இதுல கையெழுத்துப் போட்டுட்டான்னா, நல்ல பொண்ணுன்னு ஒரு கடுதாசியும் குடுத்து அனுப்பி வெச்சிருவாங்க. போடலைன்னா அஞ்சு மணிக்கு மேல வேற மாதிரி எழுதுவாங்க. அது அவளுக்குத்தான் கெட்ட பேரு. வேற எடத்துல சேரப் போனா அவங்க கேட்டு விசாரிப்பாங்க. அவ நல்லதுக்குத்தான் நான் இந்தக் காயிதத்த எழுதி எடுத்துட்டு வந்தேன். சௌடேஸ்வரி போடட்டும், போட்டுட்டு வரட்டும், வேற எடத்துல நானே ஆளப் புடிச்சு சேத்து விடறேன். எனக்கு நாலு பேரத் தெரியும்.

காயிதத்தப் படிச்சுப் பாருங்ணா. ஏதாச்சும் சொல்லுங்க. திட்டுனாலும் பரவால்ல.

என்ன கேட்டீங்க? கேட்டது ஒரு தடவதானாவா?

மூணு தடவ. மூணாவது தடவ கொஞ்சம் பெரிசாவே எழுதுச்சு. இது ஒத்திகை அல்ல, நீக்கினால் உடனே எல்லா மையங்களும் நின்றுவிடும், உறுதியாகத்தான் சொல்கிறீர்களா. எனக்குச் சுர்ருனு வந்துருச்சுங்க. நீங்களே சொல்லுங்க, நேத்து வந்த ஒண்ணு, அது என்னையப் போயி உறுதியான்னு கேக்குது. ரெண்டு நாள் வகுப்புக்கு வான்னு கூப்புட்டதெல்லாம் ஞாபகம் வந்துருச்சு. நானும் விடல. நல்லா நாலு வார்த்த போட்டேன். டேய் எடுபிடி, யாருகிட்டப் பேசறேன்னு தெரிஞ்சு பேசு. இது சௌடேஸ்வரி இல்ல. பதினெட்டு வருசமா இதே வேலையில இருக்கற நாச்சிமுத்து சொல்றேன், தூக்குன்னா தூக்கு. இப்படியே அடிச்சேன். அப்பத்தான் அடங்குச்சு. மறு வார்த்த பேசல. தூக்கிப்போட்டு, செய்துவிட்டேன்னு ஒரு வரி எழுதுச்சு. அந்த ஒரு நிமிசம் எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சுன்னு நெனச்சா இப்ப அசிங்கமா இருக்குதுங்க.

ஆமாங்க, எடுபிடி எழுதி வெச்சுக்கும். நாம என்ன அடிச்சாலும் ஒரு எழுத்து விடாம எழுதி...

அது பிரச்சன இல்லீங்ணா. அது அந்த லேப்டாப்புக்குள்ளதான் இருக்கும். ஆபீசுல பாக்கறது கிளஸ்டரோட பதிவேடு, அதுல எந்த லாகின்னு மட்டுந்தான் இருக்கும், பேசுனதெல்லாம் இருக்காது. சௌடேஸ்வரி லேப்டாப்ப அன்னிக்குப் பொழுதோடவே வாங்கி சுத்தமாத் தொடச்சுப்போட்டோம். இல்லீங்க, மறைக்கோணும்னு பண்ணல. ஒருத்தர வீட்டுக்கு அனுப்புனா அன்னிக்கே லேப்டாப்பத் தொடச்சு வெக்கறது எங்க ஆபீசு வழக்கம். வழக்கமா அடுத்த நாள்தான் செய்வாங்க. நான் கொஞ்சம் வெரசாப் பண்ணச் சொன்னேன், அவ்வளவுதான்.

என்னங்ணா, வேலைய நிறுத்திட்டீங்க. எதுக்கு டிராயரத் தொறக்கறீங்க? பேனா எங்கிட்டயே இருக்குதுங்க.

என்ன இது. பிரிண்ட்டுங்களா.

கண்ணாடி எடுத்துட்டு வரல. பரவால்ல, தெரியுது. வியாழன், மூணு பதினொண்ணு. எல்லா டப்பாவையும் தூக்கிப்போட்டுட்டுப் புதுசா ஆரம்பி கண்ணு. ஆமா, இது நாந்தான். கண்ணுன்னு நாந்தான் போடுவேன், அவ போட மாட்டா. நீங்கள் இப்போது நிஜக் கிளஸ்டரில்... ஆமா. சரி. மறுபடியும் சரி. டேய் எடுபிடி...

போதுமுங்க. மீதிய நான் படிக்க வேண்டியதில்ல.

இத எப்ப எடுத்தா? லேப்டாப்பக் குடுக்கறதுக்கு முன்னாலயா. அப்படின்னா அந்த ரூம்ல உக்காந்திருந்தப்ப இது அவ பையிலதான் இருந்துச்சா. நான் அந்தப் பக்கம் உக்காந்து தண்ணி குடிச்சுட்டு இருந்தேன். இது அவ மடியில இருந்த பையில.

அப்ப ஏன் எடுத்துக் காட்டல? ஏனுங்ணா காட்டல? நான்னா காட்டியிருப்பேனே.

என்ன சொன்னா? மறுபடி சொல்லுங்க. அவரா வந்து சொன்னா ஆபீசுல மன்னிச்சு விட்டுருவாங்க, நான் காட்டிக் குடுத்தா அவருக்கு இந்த வயசுல எங்கயும் வேல கெடைக்காதுப்பா. அப்படின்னா சொன்னா? என்னையவா? நீங்க சும்மா சொல்லலையே.

ஆறு நாளா எதிர்பாத்துட்டு இருந்தீங்களா. வீட்டுலயும். அதனாலதான் நான் பேரச் சொன்னதும் எந்திரிச்சு வாங்கன்னு கூப்புட்டீங்க. டீ வேணுமான்னு கேட்டீங்க. நான் என்னவோ மேல இருக்கறவன்னு மரியாத பண்றீங்கன்னு நெனச்சுட்டேன். சொல்லத்தான் வந்திருக்காருன்னு நெனச்சீங்களா. நான் இந்தக் காயிதத்த எடுக்கற வரைக்கும் அப்படித்தான் நெனச்சுட்டு உக்காந்திருந்தீங்களா.

அப்பறம் ஏன் போன எடுக்கல? போன்ல சொன்னா அவரு மறுபடி வேற ஏதாச்சும் பேசி சமாளிச்சுருவாரு, நேருல வரட்டும்னாளா. சரிதான். சமாளிச்சிருப்பேன்.

கொஞ்சம் உக்காந்துக்கறேன். தண்ணி இருந்தாக் குடுங்க. இப்படியும் ஒரு பொண்ணு இருக்குமா? என்ற சொந்தத்துல ஒருத்தர் எனக்கு இப்படி நெனைக்க மாட்டாங்க. வெக்கமா இருக்குதுங்க. உங்க மூஞ்சியப் பாக்க முடியல. கோகிலவாணிகிட்டக்கூட நான் இன்னும் சொல்லல, தெரியுங்களா. ஆபீசுல பிரச்சன, அந்தப் பொண்ணு ஏதோ பண்ணிருச்சுன்னுதான் சொல்லி வெச்சிருக்கறேன்.

எனக்கா? இத நானே கொண்டு போறதுக்கா குடுக்கறீங்க? அவரு வந்தா அவரு கையிலயே குடுத்துருங்கப்பான்னு சொல்லீட்டுப் போனாளா. அவரே கொண்டு போய்க் குடுக்கட்டும்னு.

சரிங்ணா. நான் கொண்டு போறேன். மணி நாலே காலு ஆயிருச்சு. கெளம்பறேன். அவகிட்டச் சொல்லுங்க, நாச்சி சார் வந்தாரு, வாங்கீட்டுப் போனாருன்னு. மத்ததெல்லாம் நானே பேசிக்கறேன். மடிச்சு இப்படிச் சட்டப் பையில வெச்சுக்கறேன்.

ஏனுங்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. இந்த ஒரு காப்பிதானுங்களா இருக்குது?